பொய் நோய்க்குப் பத்தியம்

எங்கள் பக்கத்து வீட்டு மிஸ்ஸிடம் வந்து நோய் என்று பொய் சொன்னவர்கள் அத்தனை பேரும் பூரண குணமடைந்திருக்கிறார்கள். உண்மையாகவே நோய் வந்தவர்களில்தான் ஒருசிலரைக் காப்பாற்ற முடியாமல் போனது.

அம்பிட்டியவில் எங்கள் வீட்டுக்கும் அவர் இருந்த வீட்டுக்கும் நடுவே ஒரு கம்பி வேலி. வீடு அவருடைய அண்ணனுடையது. அண்ணனுக்குக் கண்டி டவுனில் ஹாட்வெயார் கடை. மிஸ் கல்யாணம் செய்துகொள்ளவில்லை. ஆஸ்பத்திரியில் தாதியாகச் சேர்ந்து, ஒரு வாட்டுக்குப் பொறுப்பாக உயர்ந்து, ஓய்வு பெற்று, அண்ணன் வீட்டு முன்னறையில் குடியிருந்தார். அவருடைய பெயரை நான் எத்தனையோ படிவங்களில் எழுதியிருக்கிறேன். வாயால் ஒருமுறைகூடச் சொன்னதில்லை. தாதிமாரைக் கூப்பிடுவதுபோல் ஊரில் எல்லோருக்கும் அவர் மிஸ்தான். அண்ணன் மனைவிகூட அப்படித்தான் கூப்பிடுவாள், அதுவும் கொஞ்சம் பயத்துடன்.

யாரையும் பார்த்து, நீ பொய் சொல்கிறாய் என்று அவர் சொன்னது கிடையாது. நோய் இருக்கிறது என்று ஒருவர் சொன்னால் இருக்கிறது. இருந்தால் வைத்தியம் செய்தாக வேண்டும். வைத்தியத்தில் குறைவைக்க அவருக்குத் தெரியாது. அவருடைய சுபாவமே இவ்வளவுதான். இதற்குள் எத்தனை பயங்கரம் இருக்கிறது என்பதை நான் ஹேர்னியா அறுவைச் சிகிச்சைக்காக அவருடைய வாட்டில் படுத்திருந்தபோதுதான் தெரிந்துகொண்டேன்.

அங்கே சிற்றூழியர் ஒருவர் இருந்தார். நோயாளிகளைத் தூக்கி ட்ரொலியில் வைக்கும் நேரம் வந்தால் அவருக்கு முதுகு பிடித்துக்கொள்ளும். ஒருநாள் காலை மிஸ் அவரை மிகுந்த கவலையோடு பார்த்தார். என் கட்டிலுக்குப் பக்கத்துக் கட்டில் காலியாக இருந்தது. அதிலிருந்த மெத்தையை எடுக்கச் சொல்லிப் பலகையில் அவரைப் படுக்க வைத்தார். தலையணை இல்லை. எழுந்து உட்காரக் கூடாது. திரும்பிப் படுக்கக் கூடாது. சாப்பாடு கரண்டியால் ஊட்டப்படும். தேநீர் வந்தபோது மற்றவர்கள் குடிப்பதை அவர் கண்ணை மட்டும் திருப்பிப் பார்த்துக்கொண்டிருந்தார். பின்னேரம் ஆனதும், இப்போது வலி இல்லை, எந்த ட்ரொலியை வேண்டுமானாலும் தள்ளுகிறேன் என்று கெஞ்சினார். முதுகு விஷயத்தில் விளையாடக் கூடாது என்று சொல்லி மிஸ் அவரை விடியும் வரை அப்படியே வைத்திருந்தார். நான் வீட்டுக்கு வரும்வரை அந்த மனிதர் நோயாளிகளைப் பஞ்சு மூட்டைபோல் தூக்கிக்கொண்டிருந்தார்.

நான் வேலை செய்தது ஓர் அரசாங்க அலுவலகத்தில். விடுமுறைகளுக்குப் பொறுப்பு நான். செவ்வாய்க்கிழமை பௌர்ணமிப் போயா விடுமுறை வந்தால் திங்கட்கிழமை எங்கள் கட்டடத்தில் பாதிப் பேருக்குக் காய்ச்சல். அந்தக் காய்ச்சலைச் சுற்றறிக்கைகளால் விரட்ட நான் ஆயுள் முழுவதும் முயன்று தோற்றவன். ஆகவே தொழில்முறை ஆர்வத்தில் ஒருநாள் வேலியோரம் நின்று மிஸ்ஸிடம் கேட்டேன். பொய் என்று தெரிந்தால் முகத்துக்கு நேரே சொல்லி அனுப்பிவிடலாமே, இத்தனை பாடு எதற்கு?

பதிலுக்கு அவர் ஹேவாஹெட்டப் பக்கம் ஒரு சின்ன ஆஸ்பத்திரியில் முதன்முதலாக வேலைக்குப் போன கதையைச் சொன்னார். தேயிலைத் தோட்டங்களிலிருந்து பெண்கள் வருவார்களாம். மேலெல்லாம் வலி என்பார்கள். காய்ச்சல் இராது, வீக்கம் இராது, எதுவும் இராது. இரண்டு மாத்திரை கொடுத்து அனுப்பச் சொல்லுவார் டொக்டர். எதற்கும் கவனிப்பில் வைத்துப் பார்ப்போம், டொக்டர், என்பார் மிஸ். கட்டில் கிடைத்த பெண் சுவர்ப்பக்கம் திரும்பிப் படுத்துப் பொழுது சாயும் வரை தூங்குவாள். யாரும் எழுப்பக் கூடாது என்பது வாட்டுச் சட்டம். கொழுந்து அதிகமாக வரும் மாதங்களில் வாட் முழுக்கத் தூங்கும் பெண்களாம். எழுந்தவுடன் பால் தேநீர். நோய் குணம்.

"இங்க வந்து பொய் சொல்ற ஆளு, வேற எங்கயோ உண்மையைச் சொல்ல முடியாமத்தான் வந்திருக்கு, சேர்," என்றார். "பொய்யைப் புடிக்கிறது நம்ம வேலை இல்ல. கட்டில் குடுக்கிறதுதான் நம்ம வேலை."

நோய் ஒன்றுதான், பத்தியம்தான் ஆளுக்கு ஆள் வேறு என்று புரிந்துகொண்டேன். இதை ஒரு சுற்றறிக்கையில் எப்படி எழுதுவது என்பதுதான் விளங்கவில்லை.

ஓய்வு பெற்றுச் சில வருடங்களுக்குப் பிறகு ஒரு பின்னேரம் மிஸ் என்னிடம் ஒரு கடிதத்தைக் கொண்டுவந்து காட்டினார். ஓய்வு பெற்ற தாதிகளைத் தொண்டர்களாக வெளிநாடுகளுக்கு அனுப்பும் ஒரு நிறுவனம் அவரைத் தெரிவு செய்திருந்தது. ஆபிரிக்காவில் மலாவி என்ற நாடு. ஒரு கிராமத்து ஆஸ்பத்திரியில் இளம் பெண்களுக்குப் பிரசவம் பார்க்கப் பழக்க வேண்டும். இரண்டு வருடம். தங்குமிடம் உண்டு, சாப்பாடு உண்டு, விமானச் சீட்டு உண்டு, சம்பளம் கிடையாது.

"இதுக்கு என்னென்ன எடுக்கணும், சேர்?" என்று கேட்டார்.

நடைமுறை தெரிந்த மனிதனிடம் நடைமுறை கேட்பவர்கள் அருகிவிட்ட காலம் இது. கதிரையை அவர் பக்கம் இழுத்துப்போட்டு ஆரம்பித்தேன். கிராம சேவகரின் சான்றிதழ், அதன்மேல் பிரதேச செயலகத்தின் மேலொப்பம், பொலிஸ் சான்றிதழ், கடவுச்சீட்டு, பிறப்புச் சான்றிதழின் ஆங்கில மொழிபெயர்ப்பு, வழியில் விமானம் மாறும் ஊரை உத்தேசித்து மஞ்சள் காய்ச்சல் ஊசி. எதற்குப் பின் எது என்ற வரிசை முக்கியம். வரிசை தப்பினால் முதலில் எடுத்தது காலாவதியாகிவிடும், பிறகு ஆயுள் முழுவதும் ஒன்றைத் துரத்திக்கொண்டு இன்னொன்று ஓடும். மிஸ் கவனமாகக் கேட்டார். சொன்னபடி ஒவ்வொன்றாக எடுத்தார். அவருடைய பிறப்புச் சான்றிதழில் பிறந்த இடம் என்று பன்வில பக்கத்துத் தோட்டம் ஒன்றின் பெயர் இருந்தது.

அந்தத் தோட்டம்தான் அண்ணனின் முதல் ஆட்சேபம். செய்தி தெரிந்த மூன்றாம் நாள் வேலிக்கு வந்தார்.

"தோட்டத்து லயத்துல இருந்து டவுனுக்கு வர எங்களுக்கு மூணு தலைமுறை ஆச்சு, சேர். இவ என்னடான்னா, அங்கயும் தேயிலைத் தோட்டம் இருக்காம்னு சந்தோசமாச் சொல்றா."

வெளிநாடு போகிறவர் சொந்தக்காரர் வீடு வீடாகப் போய்ப் பயணம் சொல்லிக்கொள்ள வேண்டும். மிஸ் அதையும் விடவில்லை. ஆனால் சம்பளமில்லாமல் ஒருவர் கடல் தாண்டுவதை நம்புவதற்கு அந்தச் சொந்தத்தில் ஒருவரும் தயாராக இல்லை. பன்விலயில் மாமா முறையான ஒரு பெரியவர், கதவைச் சாத்திவிட்டு வந்து குரலைத் தாழ்த்தினாராம். "எவ்வளவுன்னு நான் கேக்கல, மகள். டொலரா ரியாலான்னு மட்டும் சொல்லிட்டுப் போ." ஒன்றுமில்லை என்று மிஸ் சொன்னதும் அவருக்கு மனம் நொந்துவிட்டது. சொந்த மாமனிடமே மறைக்கும் அளவுக்குப் பெரிய தொகை என்று முடிவு செய்து, தன் பேரனுக்கும் அங்கே ஏதாவது பார்க்கும்படி பேரனின் படத்தைக் கையில் கொடுத்து அனுப்பினார். மற்ற வீடுகளிலும் படங்கள் கிடைத்தன. அண்ணன் மனைவியோ கோயிலில் கேட்டவர்களிடம் தானாகவே ஒரு சம்பளத்தை நிர்ணயித்துச் சொல்லிவிட்டாள். சும்மா போகிறாள் என்று சொன்னால் வீட்டில் ஏதோ சண்டை என்று நினைப்பார்களாம்.

சண்டை எதுவும் நடக்கவில்லை. அந்த வீட்டில் யாரும் மிஸ்ஸிடம் போகாதே என்று சொல்லவில்லை. நோயில் விழுந்தார்கள், அவ்வளவுதான்.

காலையில் அண்ணனின் பிரஷர் மாத்திரையை எடுத்துக் கொடுப்பது மிஸ். சமையல் மிஸ். தண்ணீர்க் கட்டணம், மின்சாரக் கட்டணம், கோயில் உபயம், எந்தக் கல்யாணத்துக்கு யார் போவது என்பதெல்லாம் மிஸ். அவர் போனால் இவற்றை யார் செய்வது என்று வாய்விட்டுக் கேட்க ஒருவரையும் வெட்கம் விடவில்லை. பொலிஸ் சான்றிதழ் வந்த அன்று அண்ணன் மனைவிக்குத் தலை சுற்றியது. நிற்க முடியவில்லை, மிஸ், நீங்களும் போய்விட்டால் நான் என்ன ஆவேன் என்று சுவரைப் பிடித்துக்கொண்டாள். மிஸ் உடனே அறையின் திரைகளை இழுத்து மூடினார். வெளிச்சம் ஆகாது. தொலைக்காட்சி ஆகாது. தொலைபேசி அறவே ஆகாது. உப்பில்லாத கஞ்சி. பார்க்க வந்த பெண்களை வாசலிலேயே திருப்பி அனுப்பினார். நாடகத்தில் கதாநாயகிக்குக் குழந்தை பிறந்ததா இல்லையா என்று தெரியாமல் அண்ணி இருட்டில் கிடந்தாள். நான்காம் நாள் காலை அவள் முற்றத்தில் நின்று திரைச்சீலைகளைத் துவைத்துக்கொண்டிருந்ததைப் பார்த்தேன். கொஞ்சமும் தள்ளாடவில்லை.

அடுத்தது மகன். முப்பது வயது, கடையை அப்பாவோடு சேர்ந்து பார்த்துக்கொள்கிறவன். மஞ்சள் காய்ச்சல் ஊசி போட மிஸ் கொழும்புக்குப் போய் வந்த மறுநாள் அவனுக்கு வயிற்றில் குத்து. நீ இல்லாவிட்டால் என் வயிற்றை யார் பார்ப்பார்கள், அத்தை, என்றான். அத்தை வயிற்றை மிகவும் அக்கறையாகப் பார்த்தார். சவ்வரிசிக் கஞ்சியும் மல்லித் தண்ணியும். எண்ணெய் கூடாது, உறைப்புக் கூடாது, இறைச்சி கூடாது. அந்தக் கிழமை அவனுடைய நெருங்கிய நண்பனுக்கு ஹோட்டலில் கல்யாணம். பயல் குத்து நின்றுவிட்டது என்று சத்தியம் செய்தான். நின்றது போலிருந்து திரும்பவும் வரும், அதுதான் ஆபத்து என்றார் மிஸ். அவனுக்குப் பதிலாக அவரே கல்யாணத்துக்குப் போய் அன்பளிப்பைக் கொடுத்து, புரியாணி சாப்பிட்டுவிட்டு வந்தார்.

இதையெல்லாம் அண்ணன் பார்த்துக்கொண்டிருந்தார். அவர் வியாபாரி. மற்றவர்கள் நட்டப்படுவதைப் பார்த்தே கற்றுக்கொள்ளக் கூடியவர்.

அவருடைய நிலைமை உண்மையிலேயே சிக்கலானது. தங்கை போகக் கூடாது என்பது அவர் விருப்பம். போவதானால் நல்ல நேரத்தில் போக வேண்டும் என்பது அவர் கடமை. கோயில் ஐயரிடம் போய்க் கேட்டால், விமானம் புறப்படும் நாள் கொஞ்சமும் நன்றாக இல்லை என்றார் ஐயர். அதற்கு முந்திய திங்கட்கிழமைதான் நல்லதாம். அதற்கு வழி இருக்கிறது. நல்ல நேரத்தில் பெட்டியை வேறொரு வீட்டில் கொண்டு வைத்துவிட்டால் ஆள் அப்போதே புறப்பட்டதாகக் கணக்கு. பிறகு பெட்டி பழைய வீட்டுக்குள் திரும்பக் கூடாது. அந்தத் திங்கட்கிழமை அண்ணன் தானே பெட்டியைத் தூக்கி, தேங்காய் உடைத்து, வேலியைச் சுற்றி வந்து எங்கள் முன்னறையில் வைத்தார். கண் கலங்கியிருந்தது. அதன் பிறகு மிஸ் ஒவ்வொரு நாளும் எங்கள் வீட்டுக்கு வந்து பெட்டியைத் திறந்து அன்றைய சேலையை எடுத்துப் போனார். சாஸ்திரப்படி நாட்டை விட்டுப் போன ஒருவர், காலையில் வேலியோரம் நின்று என்னிடம் கறிவேப்பிலை கேட்டார்.

புறப்படும் நாள் வந்தது. விமான நிலையத்து நடைமுறைகள் தெரிந்தவன் என்ற முறையில் நானும் கூடப் போவதாக ஏற்பாடு. வழியில் என்ன நேருமோ என்று தேவைக்கு மிக முந்தியே வாடகை வான் ஒன்றை வரச் சொல்லியிருந்தேன். அதற்காக என்னைப் பார்த்து அந்த வீட்டில் சிரித்தார்கள். பெட்டியை எங்கள் வீட்டிலிருந்து நேரே வானில் ஏற்றிவிட்டு அவர்கள் வீட்டுக்குள் போனால், அண்ணன் முன்னறைக் கதிரையில் நெஞ்சைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார்.

"நெஞ்சு வலிக்குது, தங்கச்சி."

எல்லோரும் நின்ற இடத்தில் நின்றுவிட்டோம். அண்ணன் மனைவி அழத் தொடங்கினாள். எனக்கு ஒரு கணத்தில் விளங்கிவிட்டது. மனிதர் நன்றாகத்தான் யோசித்திருக்கிறார். தலைசுற்றலுக்குத் திரையை இழுத்து மூடலாம். வயிற்றுக் குத்துக்குக் கஞ்சி கொடுக்கலாம். நெஞ்சு வலிக்கு ஆஸ்பத்திரியில் கட்டில் போட்டுக் கூடவே இருக்க வேண்டும். தன் ஆயுளில் ஒருவருக்கும் கட்டில் இல்லை என்று சொல்லாதவர் தன் அண்ணனுக்கு மட்டும் சொல்லப் போகிறாரா? பத்தியத்துக்குப் பயந்த மற்ற இரண்டு பேரைப்போல் அல்லாமல், அவர் பத்தியத்தையே நம்பி இறங்கியிருந்தார். போதாததற்கு, பொய்தான் என்று நான் உறுதியாக நினைத்தபோதே, ஒருவேளை இல்லாவிட்டால் என்ற எண்ணமும் வந்தது. பிரஷர்காரர்.

மிஸ் அவருக்கு முன்னால் குனிந்து மணிக்கட்டைப் பிடித்தார். வலி கைக்கு இறங்குகிறதா, வியர்க்கிறதா, மூச்சு முட்டுகிறதா என்று கேட்டார். முகத்தைக் கொஞ்ச நேரம் பார்த்தார். பிறகு எழுந்து அண்ணன் மகனிடம், "வானில ஏத்து," என்றார்.

நேரே ஆஸ்பத்திரிக்குப் போனோம். ஈ.சி.ஜி. எடுத்தார்கள், இரத்தம் எடுத்தார்கள், முடிவு வரும்வரை உட்கார வைத்தார்கள். நான் கூடுதலாக ஒதுக்கியிருந்த நேரம் முழுவதும் அங்கே கரைந்தது. டொக்டர் மிஸ்ஸிடம் வேலை பழகியவர். எல்லாம் சரியாக இருக்கிறது, வீட்டுக்குக் கூட்டிக்கொண்டு போங்கள் என்றார். இன்னும் வலிக்கிறது என்றார் அண்ணன். அவர் வானில் பயணம் செய்தால் ஏதும் பாதகமா என்று மிஸ் கேட்டார். ஒரு பாதகமும் இல்லை என்றார் டொக்டர்.

"அப்படின்னா நெஞ்சு வலிக்காரரை வீட்ல விட்டுட்டுப் போக ஏலாது," என்றார் மிஸ். "என் கண்ணு முன்னாலயே இருக்கட்டும்."

கடைசி ஆசனத்தில் அண்ணனை நீட்டிப் படுக்க வைத்தார்கள். பேசக் கூடாது. எழும்பக் கூடாது. தொலைபேசி கூடாது. கடுகண்ணாவை மலை வளைவுகளில் வான் இறங்கும்போது, ஏதோ சொல்லத் தயார் செய்துகொண்டு வந்தவர் போல அவர் பலமுறை வாயைத் திறந்தார். ஒவ்வொரு முறையும், பேசக் கூடாது, அண்ணே, என்று முன்னாலிருந்து குரல் வந்தது. மாவனல்லையில் நிறுத்தி நாங்கள் உழுந்து வடையும் தேநீரும் வாங்கினோம். அவருக்கு வெறும் பிஸ்கட் இரண்டும் சுடுதண்ணீரும் கொடுக்கப்பட்டன. படுத்தபடியே வடையின் வாசனையை அனுபவித்தார்.

கட்டுநாயக்கவில் இறங்கியதும் மிஸ் ஒரு தள்ளுநாற்காலி கேட்டு வாங்கினார். அதில் அண்ணனை உட்கார்த்தி, தன் பெட்டியை அவர் மடியில் வைத்துத் தானே தள்ளிக்கொண்டு நடந்தார். பார்த்தவர்கள் கிழவர்தான் வெளிநாடு போகிறார் என்று வழி விட்டார்கள். பயணிகளைத் தவிர மற்றவர்கள் நிற்க வேண்டிய இடம் வந்தது. மிஸ் நாற்காலியை நிறுத்தி, மடியிலிருந்த பெட்டியைத் தூக்கிக் கீழே வைத்தார்.

பெட்டி மடியிலிருந்து போனதும் அண்ணன் எழுந்து நின்றார்.

"எனக்கு நெஞ்சு வலியெல்லாம் இல்ல," என்றார்.

"தெரியும்."

"எப்ப தெரியும்?"

"வந்து பாத்தப்பவே. நெஞ்சு வலி வந்த ஆளு தலைக்கு எண்ணெய் வச்சுச் சீவிக்கிட்டா வந்து உக்காருவாரு?"

மகன் சிரிக்கப் பார்த்து அடக்கிக்கொண்டான். அண்ணன் சிரிக்கவில்லை.

"பின்ன ஏன் ஆஸ்பத்திரிக்குக் கொண்டு போன? பிளேன் போயிருந்தா?"

"நான் நெனச்சது பிழையா இருந்தா?" என்றார் மிஸ்.

பின்னாலிருந்து ஆட்கள் பெட்டிகளோடு எங்களை நெருக்கினார்கள். உள்ளே போகும் நேரம் போய்க்கொண்டிருந்தது. உள்ளே எதற்குப் பின் எது என்ற வரிசையைச் சொல்லலாம் என்று நான் வாயெடுத்தேன். அதற்குள் அண்ணன் பேசினார். இவ்வளவு தூரம் படுத்துக்கொண்டு வந்தபோது சொல்ல முயன்றது இதுதானா என்று எனக்குத் தெரியாது. தங்கைக்கு அங்கே வெயில் ஒத்துக்கொள்ளுமா, சாப்பாடு சரிவருமா, கள்ளர் பயம் இருக்குமா என்று இத்தனை மாதமாக வேலியோரம் நின்று என்னிடம் புலம்பியவர் அவற்றில் எதையும் கேட்கவில்லை.

"உனக்கு அங்க புடிச்சுப் போச்சுன்னா, தங்கச்சி?"

எந்த நோய்க்கும் உடனே கட்டளை பிறப்பிக்கும் மிஸ் பெட்டியின் பிடியை இழுத்துச் சரிசெய்தார்.

"புடிக்கணும், அண்ணே," என்றார். "புடிக்காட்டி ரெண்டு வருசம் நான் எப்படி இருக்கிறது?"

அண்ணன் தலையை ஆட்டினார். பிறகு அந்த நாற்காலியில் திரும்பவும் உட்கார்ந்தார். மிஸ் அவர் தோளில் கையை வைத்து எடுத்துவிட்டுப் பெட்டியை இழுத்துக்கொண்டு உள்ளே போனார். வானுக்குப் போகலாம் என்று மகன் கூப்பிட்டபோது அண்ணனால் எழுந்திருக்க முடியவில்லை. அவனே நாற்காலியைத் தள்ளிக்கொண்டு வந்தான்.

அதன் பிறகு அந்த வீட்டில் ஒருவருக்கும் தலைவலிகூட வந்ததாக நான் கேள்விப்படவில்லை. அண்ணன் மனைவி சமைக்கிறாள். மகன் கட்டணங்களைக் கட்டுகிறான், சில மாதங்களில் இரண்டு தடவை. மாத்திரையை அண்ணன் தானே எடுத்துப் போட்டுக்கொள்கிறார். ஞாயிற்றுக்கிழமைகளில் மிஸ் வீடியோவில் வருவார். பின்னால் சிவந்த மண்ணும் தகரம் வேய்ந்த கட்டடமும் தெரியும். என்னையும் கூப்பிட்டுக் காட்டுவார்கள். போன தடவை பார்த்தபோது கொஞ்சம் மெலிந்து, அந்த நாட்டுப் பெண்கள் உடுத்தும் பூப்போட்ட துணியொன்றைச் சேலைக்குப் பதில் சுற்றியிருந்தார். நன்றாகத்தான் இருந்தது.

இரண்டு வருடம் முடிய இருந்த சமயத்தில் ஒரு பின்னேரம் அண்ணன் வேலிக்கு வந்தார். மிஸ் இன்னும் இரண்டு வருடத்துக்கு எழுதிக் கொடுத்துவிட்டாராம்.

"புடிச்சுப் போச்சாம், சேர்," என்றார்.

கம்பியைப் பிடித்துக்கொண்டு அப்படியே நின்றார். விசாவை நீடிக்க வேண்டுமானால் முதலில் அந்த ஆஸ்பத்திரியிலிருந்து ஒரு கடிதம் எடுக்க வேண்டும், அதற்குப் பிறகு என்று நான் ஆரம்பித்தேன்.

"அதெல்லாம் அவளே எடுத்துட்டா," என்றார் அண்ணன்.